மாவுக்கட்டில் ஒரு கால் இருக்கும்போது மறு காலுக்குப் பயிற்சி கொடுப்பதால் பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. ஒரு காலை மட்டும் பயிற்றுவித்தால், அசையாதிருக்கும் மறு காலின் வலிமையும் ஓரளவு கூடும். 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் குழுவினர் இதைக் கைகளில் கண்டறிந்தார்கள். வலது கையால் மட்டும் ரப்பர் குமிழை அழுத்திப் பழகியவரின் இடது கைப்பிடியும் வலுத்திருந்தது. சிறு துளையின் விளிம்பில் படாமல் ஊசியைச் செலுத்தும் பயிற்சியில், பழகாத கைக்கும் துல்லியம் கூடியிருந்தது.

இதில் எனக்கு இன்றும் வியப்பளிப்பது, பயிற்சி பெறாத காலின் தசை பருக்காமலே வலிமை ஏறுவதுதான். நாடாவால் தொடையை அளந்தால் சுற்றளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் அதே கால் முன்பைவிட அதிக எடையைத் தள்ளும். மாற்றம் நரம்பு மண்டலத்தில் நிகழ்கிறது. வலது தொடையை முழு பலத்துடன் இறுக்கும்போது, அதை இயக்கும் இடப்பக்க மூளையோடு வலப்பக்க மூளையின் இயக்கப் பகுதியும் தூண்டப்படுகிறது; ஒரு பக்கம் மறு பக்கத்தை அடக்கி வைக்கும் போக்கும் தொடர் பயிற்சியால் தளர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் செய்யப்பட்ட பகுப்பாய்வு ஒன்றில், பயிற்சி பெறாத பக்கத்தின் வலிமை சராசரியாக ஏறத்தாழ 12 சதவீதமும், கால்களில் மட்டும் பார்த்தால் 16 சதவீதமும் கூடியிருந்தது. அவை பெரும்பாலும் நலமானவர்களிடம் நடந்த ஆய்வுகள் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, நல்ல காலைப் பலப்படுத்தினால் இரு கால்களுக்கும் இடையிலான வேறுபாடு பெருகிவிடும் என்று வீட்டில் அஞ்சினார்கள். அந்த அச்சத்தால் நல்ல காலையும் சும்மா வைத்திருப்பதே பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. என் பிசியோதெரபிஸ்ட், நாற்காலியில் அமர்ந்து, கணுக்காலில் எடை கட்டிய நல்ல காலை முழுவதும் நீட்டி, பிறகு மிக மெதுவாக இறக்கச் சொன்னார். எடையை மெதுவாக இறக்கும் இந்தப் பகுதியே மறு காலுக்குக் கூடுதல் பலன் தருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எடை போதிய அளவு கனமாக இருக்க வேண்டும். எந்தத் தசை வலுவிழக்கிறதோ, மறு காலில் அதே தசைக்கே பயிற்சி தர வேண்டும். தொடையின் முன்தசைக்கு உழைத்துவிட்டு, கெண்டைக்கால் வலுப்பெறும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் மருத்துவர் அனுமதித்தால், கட்டுப் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் இப்போதே தொடங்குங்கள். கட்டுப் பிரித்த பிறகு அந்தக் காலுக்கென்று தனிப் பயிற்சி அவசியம் தேவைப்படும், ஏனெனில் மெலிந்த தசையின் பருமனை இந்த முறை மீட்டுத் தராது.