வளர்ப்புப் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்: வாசகர் கேள்வி பதில்

பெற்ற குடும்பத்தோடு இருக்க முடியாத குழந்தையை, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழு இன்னொரு குடும்பத்தின் பொறுப்பில் விடுவதுதான் வளர்ப்புப் பராமரிப்பு. இது தத்தெடுப்பு அல்ல. ஒன்றிய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. படிப்பு, உணவு, உடல்நலம் ஆகியவற்றுக்கு வளர்க்கும் குடும்பம்தான் பொறுப்பு என்று அதே பிரிவு சொல்கிறது. இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை படிப்பைப் பற்றியவை.

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்க வேண்டிய ஒன்பது வயதுப் பெண் குழந்தையை ஜூலையில் எங்களிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து மாவட்டத்துக் குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்தவள். எங்கள் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியில் டி.சி., ஆதார், அப்பாவின் கையெழுத்து மூன்றும் இருந்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள். மூன்று வாரமாக வீட்டிலேயே இருக்கிறாள்.
– வாசகி, விருதுநகர்

பதில்: நாளைக் காலையிலேயே அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். கேட்கிற மூன்றும் இல்லாமலே சேர்க்கலாம், சேர்த்தாக வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்க 14-ஆம் பிரிவு இடம் தரவில்லை. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்ப 15-ஆம் பிரிவும் விடாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்பாவின் கையெழுத்து கேட்கும் இடத்தில், குழந்தைகள் நலக் குழுவின் ஒப்படைப்பு உத்தரவைக் காட்டிப் பாதுகாவலர் என்று நீங்கள் கையெழுத்திடலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: உத்தரவின் நகல் இரண்டு, குழந்தையின் புகைப்படம், முன்பு படித்த பள்ளியின் பெயர், அவளுடைய எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்). எமிஸ் எண் தெரியாவிட்டால் இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். சேர்க்கைக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னவுடனேயே பல மறுப்புகள் கரைந்துவிடும். அப்படியும் நகரவில்லை என்றால் அன்றே வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

ஒரு விஷயத்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். பழைய பள்ளி அவள் பெயரை எமிஸ் பதிவில் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். புதிய பள்ளி அதே எண்ணை அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விடுவிக்கத் தாமதமானால், அவசரத்துக்குப் புது எண் போட்டுச் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது. அப்படிச் செய்தால் பழைய ஆண்டுகளின் படிப்பு விவரம் அவளோடு சேராமல் தனியே நின்றுவிடும். கல்லூரி நேரத்தில்தான் அதன் விலை தெரியும்.

கேள்வி: எங்கள் வளர்ப்பு மகனுக்கு என் பெயரையே இனிஷியலாகப் போட ஆசைப்படுகிறோம். பள்ளியில் தந்தை பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: எழுத வேண்டாம். ஆசை புரிகிறது, ஆனால் வளர்ப்புப் பராமரிப்பில் பெற்றோரின் சட்ட உறவு அப்படியே இருக்கிறது. தந்தை, தாய் பெயர் உத்தரவில் உள்ளபடியே இருக்கட்டும். உங்கள் பெயர் பாதுகாவலர் என்ற இடத்தில் வரட்டும். பள்ளிப் பதிவில் இருப்பதுதான் பத்தாம் வகுப்புத் தேர்வர் பட்டியலுக்குப் போய், மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தந்தை, மதிப்பெண் சான்றிதழில் இன்னொருவர் என்றால் சாதிச் சான்றிதழ், கடவுச்சீட்டு, உதவித்தொகை என எல்லாம் அங்கே முட்டி நிற்கும். ஏற்கெனவே தவறாகப் பதிவாகியிருந்தால், பத்தாம் வகுப்புக்கு முன் தலைமையாசிரியர் வழியாகத் திருத்துவது எளிது. சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது நெடும் வேலை.

கேள்வி: பதினோரு வயதுப் பையன், ஆறாம் வகுப்பு. மூன்று பள்ளிகள் மாறி வந்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் வைத்திருக்கிறோம். மதிப்பெண் ஏறவே இல்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த முத்தான கையெழுத்துதான் இத்தனை நாள் அவன் சிக்கலை மறைத்திருக்கிறது. கரும்பலகையையும் கைடையும் பார்த்து எழுதப் பழகிய குழந்தைக்கு நோட்டு நிறையும், வாசிப்பு வராது. டியூஷனில் அதே பார்த்து எழுதும் வேலைதான் இன்னும் இரண்டு மணி நேரம் நடக்கிறது. அதை இந்த வாரமே நிறுத்துங்கள்.

முதலில் அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். இடம் மாறிக்கொண்டே இருந்த குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை எங்கேயோ விட்டுப்போயிருக்கும்.

அடுத்து, அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். கால் மணி நேரம் போதும். வரிசை மாற்றிப் பத்து எழுத்துகள். பிறகு பத்துச் சிறு சொற்கள். பிறகு முதல் வகுப்புப் பாடத்திலிருந்து நான்கு வரி. பிறகு இரண்டாம் வகுப்புக் கதை ஒன்று. எந்தப் படியில் திணறுகிறானோ அதுதான் தொடங்க வேண்டிய இடம். முதல் இரண்டு வகுப்புகளில் பள்ளி மாறிய குழந்தைகள் அநேகமாக உயிர்மெய்க் குறியீடுகளில்தான் நின்றிருப்பார்கள். க, கா, கி, கீ வரை வரும். எழுத்துக்கு முன்னால் கொம்பு வரும் கெ, கே, கை, இரு பக்கமும் குறி வரும் கொ, கோ வந்தால் தடுமாறுவார்கள். எழுதப்படும் வரிசை ஒன்று, ஒலிக்கும் வரிசை வேறு என்பது அவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லித் தராத பாடம். 247 எழுத்தையும் முதலிலிருந்து ஒப்பிக்க வைக்காதீர்கள். விட்டுப்போன குறியை மட்டும் எடுத்து, ஒரு குறிக்கு மூன்று நாள் வீதம், அவனுக்குத் தெரிந்த சொற்களிலேயே பழக்குங்கள்: கெண்டை, கேணி, கொய்யா, கோலி.

தினமும் 20 முதல் 30 நிமிடம், ஒரே நேரத்தில், ஒரே ஆளோடு. அதற்கு மேல் இழுக்க வேண்டாம். அடிக்கடி வீடு மாறிய பிள்ளையின் மனம் பாதி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; ‘இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்களோ’ என்ற கவலை, படித்ததை நினைவில் நிற்க விடாது. நேரமும் ஆளும் மாறாமல் இருப்பது அந்தக் கவலையைக் குறைக்கும். தப்பாகப் படித்தால் சரியான ஒலியை நீங்கள் சொல்லிவிட்டு நகருங்கள். மூன்றாம் முறை சொல்லியும் வரவில்லையே என்ற சலிப்பு உங்கள் முகத்தில் தெரிந்தால், மறுநாள் புத்தகத்தோடு உட்கார வயிற்றுவலி என்பான்.

கணக்கையும் இப்படியே பாருங்கள். 52-லிருந்து 27-ஐக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா? தெரியாவிட்டால் ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கு இப்போது வேண்டாம். அறிவியலும் சமூக அறிவியலும் பின்தங்காமலிருக்க, பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டி வாய்மொழியாகப் பதில் சொல்ல வையுங்கள். வாசிக்கத் தெரியாததால் புரியாது என்று ஆகிவிடாது.

பள்ளியிடமும் கேளுங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பின்தங்கும் குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சி பெறக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அது 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை நீளலாம். வகுப்பை இறக்கிப் போடச் சம்மதிக்காதீர்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் இல்லை என்பதால் அவன் ஒன்பது வரை தானாகப் போய்விடுவான். அதற்குள் வாசிப்பு வந்தாக வேண்டும். கைவசம் உள்ள காலம் அவ்வளவுதான்.

ஆறு மாதம் விடாமல் பழக்கியும் நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று மறந்துபோகிறது என்றால், வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற ஒன்று. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருக்கத்தில் போனால் நடக்காது.

கேள்வி: எங்கள் மகன் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறான். வளர்ப்பு மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. ஒரே வீட்டில் இரண்டு விதமா என்று மனம் உறுத்துகிறது. அவளையும் மாற்றிவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டதால், மாற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அந்த ஏழு ஆண்டுகளைத்தான் பார்க்கிறது. நல்ல எண்ணத்தோடு ஓராண்டு மாற்றினாலும் இவை கைநழுவும். பயிற்றுமொழி மாற்றம் வேறு சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களிடம் உள்ள உத்தரவு ஓராண்டுக்கு உட்பட்ட குறுகிய காலத்துக்கானதாக இருந்தால், அவள் தாயிடமே திரும்பலாம். அந்தக் கட்டணத்தை அங்கே யார் கட்டுவார்? அவள் மீண்டும் ஒரு பள்ளி மாற வேண்டியிருக்கும். பள்ளி மாற்றம் போன்ற பெரிய முடிவுகளைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு, அவளுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் எழுதிய பிறகே எடுங்கள். அவளிடமும் கேளுங்கள், தோழிகளை விட்டுவரச் சொல்கிறீர்கள். உறுத்தலைப் போக்க வேறு வழிகள் இருக்கின்றன: மகனுக்கு இருப்பது போலவே அவளுக்கும் தனி மேசை, நல்ல விளக்கு, அவள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் இருவரும் போவது.

கேள்வி: வகுப்பாசிரியர் எல்லோர் முன்னும் ‘உன் அம்மா எங்கே’ என்று கேட்டுவிட்டார். மாதம் ஒருமுறை அம்மா வந்து பார்த்த மறுநாளும் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் தனியே பார்த்து, அவர்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்: யார் பாதுகாவலர், யார் அழைத்துப்போக வருவார்கள், எந்தப் பேச்சு அவளைக் கலங்க வைக்கும். குடும்பத்தில் நடந்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப மரம் வரைதல், பெற்றோர் படம் ஒட்டுதல் போன்ற வேலைகளை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள். ‘என்னைக் கவனித்துக்கொள்பவர்கள்’ என்ற தலைப்பு வகுப்பு முழுவதற்கும் பொருந்தும். இப்படிப்பட்ட குழந்தையின் பெயரையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம் என்பதையும் நினைவூட்டலாம்.

அம்மாவின் வருகையை நிறுத்தக் கேட்காதீர்கள். அதைச் சனிக்கிழமைக்கு மாற்றக் கேளுங்கள். ஞாயிறு முழுதும் அவள் அழுது ஓய நேரம் கிடைக்கும். தேர்வு வாரத்தில் மட்டும் சந்திப்பைத் தள்ளிவைக்க முடியுமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்னதாகப் பேசுங்கள்.

கேள்வி: வளர்ப்பு மகன் பிளஸ் டூ. தேர்வுக்கு முன்பே, ஜனவரியில், 18 வயது முடிகிறது. அதன் பிறகு?
– வாசகர், வேலூர்

பதில்: உத்தரவும் உதவித்தொகையும் 18 வரைதான். அவன் விரும்பினால் உங்களோடு தொடர்ந்து இருக்கச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. 21 வயது வரையிலான பின்பராமரிப்பு உதவி, நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்களுக்கென்று எழுதப்பட்டது. அவன் முன்பு இல்லத்தில் இருந்திருந்தால் அந்தப் பதிவோடு பாதுகாப்பு அலகில் இப்போதே மனு கொடுங்கள்.

டிசம்பருக்குள் முடிக்க வேண்டியவை சில. சாதிச் சான்றிதழ், அவனைப் பெற்ற தாய் தந்தையின் சாதியில்தான் கிடைக்கும், உங்களுடையதில் அல்ல. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட குழந்தைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதற்கும் இல்லத்தின் சேர்க்கைப் பதிவுதான் சான்று. 15 வயதுக்குப் பிறகு ஆதாரில் கைரேகை புதுப்பித்தாயிற்றா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் உதவித்தொகை விண்ணப்பத்தில் சிக்கும். அவன் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். எல்லா அசல் சான்றிதழ்களும் அவன் கையில் ஒரு கோப்பில் இருக்கட்டும், நகல் தொகுப்பு ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.