மாங்காய் விழுங்கிய மாட்டுக்கு எண்ணெய் ஊற்றலாமா?

ஊற்றவே வேண்டாம். மாங்காய் தின்றதும் எச்சில் ஒழுகி, கழுத்தை நீட்டி இருமி, இடது பக்க வயிறும் உப்பிக்கொண்டு வருகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் காய் பெரும்பாலும் உணவுக்குழாயில் சிக்கியிருக்கிறது. இந்த நிலையில் வாய்வழியாக ஊற்றும் எண்ணெயோ தண்ணீரோ உள்ளே இறங்க வழியில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதனால் வரும் நுரையீரல் அழற்சியில் மாடு செத்தும் போகலாம்.

வயிறு ஏன் உப்புகிறது? மாட்டின் பெருவயிற்றில் தீவனம் நொதித்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் வாயு உண்டாகும். அது ஏப்பமாக வெளியே வரவேண்டிய ஒரே வழி இந்த உணவுக்குழாய்தான். முழுவதும் அடைத்துவிட்டால் வயிறு பெருத்து நுரையீரலை அழுத்தும், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், தமிழ்நாட்டில் 1962க்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வரும். அதுவரை தீனி, தண்ணீர் எதுவும் காட்டாமல், முன்கால்கள் மேடான இடத்தில் இருக்கும்படி நிற்க வையுங்கள், படுக்க விடாதீர்கள். கழுத்தின் இடது பக்கத்தைத் தடவினால் சில சமயம் கட்டி மாதிரி கையில் தட்டுப்படும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கழியை விட்டுத் தள்ளினால் குழாய் கிழிந்துவிடும். அப்புறம் ஒன்று, வெறிநோய் வந்த மாட்டுக்கும் இப்படியே எச்சில் ஒழுகும், அதனால் வெறுங்கையை வாய்க்குள் விடவே கூடாது. மருத்துவர் குழாய் விட்டு அடைப்பை நகர்த்துவார், மூச்சு முட்டினால் முதலில் இடது விலாவுக்குப் பின்னால் துளையிட்டுக் காற்றை இறக்குவார்.