விடாமுயற்சிக்கு ஆகும் செலவு

அன்புள்ள ஐயா,

ஏழாண்டுகளாக அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறுதொழிலைத் தனியாக நடத்திவருகிறேன். மூன்றாம் ஆண்டில் இருந்த ஒரே இயந்திரம் பழுதாகி, ஒரு பருவத்தின் ஆர்டர்கள் முழுவதும் கைவிட்டுப் போயின. கடன் வாங்கி மீண்டேன். பிறகு, என் விற்பனையில் பாதிக்குமேல் வாங்கிவந்த நிறுவனம் வேறொருவரிடம் போய்விட்டது. இப்போது மற்றொரு பெரிய வாடிக்கையாளர் பல மாதப் பாக்கியைத் தராமல் இழுத்தடிக்கிறார். சிறிய வாடிக்கையாளர்கள் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறார்கள். வேலைக்குப் போய்விடு என்கிறார்கள் வீட்டில். சாதித்தவர்களின் கதைகளை அனுப்பி, விட்டுவிடாதே என்கிறார்கள் நண்பர்கள். நான் தொடர்வது உறுதியா, பிடிவாதமா என்று எனக்கே விளங்கவில்லை.

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

மூன்று அடிகள் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது, ஒரே அடி மூன்று முறை விழுந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. முதலில் ஒரே இயந்திரம், அடுத்து ஒரே பெரிய நிறுவனம், இப்போது ஒருவரிடமே தேங்கி நிற்கும் பாக்கி. ஒவ்வொரு முறையும் தொழிலின் மொத்த எடையும் ஒற்றை ஆணியில் தொங்கியிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிறிய முதலோடு தொடங்கும் எவருக்கும் தொடக்கத்தில் வேறு வழி இருப்பதில்லை. ஆனால் காரணம் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால், விதியின்மேல் பழிபோடுவதை விட்டுவிட்டு அந்தக் காரணத்தைத் திருத்த முடியும். அதைத் திருத்தாமல் தொடர்ந்தால் நான்காவது அடியும் அதே இடத்தில்தான் விழும். அப்படித் தொடர்வதைத்தான் நான் பிடிவாதம் என்பேன்.

நண்பர்கள் அனுப்பும் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பை இல்லாத தூசி உறிஞ்சியை உருவாக்க ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகளைச் செய்துபார்த்தார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. அந்த ஆண்டுகளில் அவருடைய மனைவி ஓவிய ஆசிரியையாக ஈட்டிய சம்பளம் குடும்பத்தைத் தாங்கியதையும், கடன் ஏறிக்கொண்டே போனதையும் பலர் சொல்வதில்லை. விடாமுயற்சிக்கு யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். உங்கள் முயற்சிக்கு யார் கட்டுகிறார், இன்னும் எத்தனை மாதம் கட்ட முடியும் என்பதை நீங்கள் எழுதவில்லை. மன உறுதியைப் பற்றிய கேள்விக்கு முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வி அதுதான்.

சொந்தத் தொழில்கள் பல, கணக்கில் லாபம் இருக்கும்போதே கையில் ரொக்கம் இல்லாமல் மூடப்படுகின்றன. சரக்கை அனுப்பிய அன்றே லாபம் ஏட்டில் ஏறிவிடுகிறது. வாடகையும் கூலியும் மூலப்பொருளும் ரொக்கமாகக் கேட்கின்றன. ஆகவே விற்பனை ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் மாதந்தோறும் தவறாமல் போகும் செலவு எவ்வளவு, கையிருப்பு அதை எத்தனை மாதம் தாங்கும், வரவேண்டிய பாக்கிகளில் எவை முப்பது நாளைத் தாண்டியவை, எவை தொண்ணூறைத் தாண்டியவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழைய பாக்கி வசூலாகும் வாய்ப்பு நாளாக ஆகக் குறையும் என்பதால், தொண்ணூறைத் தாண்டியதை வராத பணமாகவே வைத்துக் கணக்கிடுங்கள். அந்த வாடிக்கையாளர் பழைய பாக்கியில் ஒரு பகுதியேனும் கட்டும்வரை புதுச் சரக்கு அனுப்பாதீர்கள். அவர் மனம் கோணுமே என்ற தயக்கம் வரும். பணம் தராத ஒருவரை இழப்பதால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு.

உங்களுடையதுபோல ஒருவரே உரிமையாளராக இருக்கும் தனியுரிமைத் தொழிலில் தொழிலின் கடனும் உரிமையாளரின் கடனும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. தொழில் தோற்றால் கடன்காரர் உங்கள் சொந்தச் சேமிப்பின்மீதும் உரிமை கோரலாம். அதனால் எந்த எல்லைக்குமேல் குடும்பத்தின் பணத்தை உள்ளே விடுவதில்லை என்பதை, நெருக்கடி முற்றுவதற்கு முன், மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் முடிவுசெய்து எழுதிவையுங்கள். ஏற்கெனவே போட்ட பணத்தை மீட்பதற்காக மேலும் பணம் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். போன பணம் போனதுதான், இனிப் போடப்போகும் பணம் எதைக் கொண்டுவரும் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும்.

எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்பதற்கு, ஹோண்டா வாகன நிறுவனத்தை நிறுவிய சோய்ச்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கையை நினைக்கிறேன். எஞ்சின்களுக்காக அவர் செய்த பிஸ்டன் வளையங்கள் தரத்தேர்வில் தேறாதபோது அவர் உலோகவியல் படிக்கப் போனார். போரின் குண்டுவீச்சிலும் 1945இன் நிலநடுக்கத்திலும் தொழிற்சாலை சிதைந்தபின், எஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டார். 1946இல் புதிதாகத் தொடங்கியபோது, மிதிவண்டியில் பொருத்தும் சிறிய எஞ்சினைக் கையிலெடுத்தார். பிஸ்டன் வளையத்தையும் பழைய நிறுவனத்தையும் விட்டார். இயந்திரங்களின்மேல் இருந்த தேர்ச்சியை விடவில்லை.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: சிறிய வாடிக்கையாளர்கள் வழக்கம்போல வருகிறார்கள். இத்தனைக்கும் பிறகு அவர்கள் வருவதற்கு உங்கள் வேலையின் தரத்தைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்? பெரிய நிறுவனத்தைத் துரத்திய ஆண்டுகளில் நீங்கள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லையோ என்று ஐயப்படுகிறேன். அவர்களை மட்டும் வைத்து, சிறிய இடத்தில், பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு நடத்தினால் மாதச் செலவு அடைபடுமா என்று கணக்கிடுங்கள். அடைபடும் என்றால், ஒருவரும் மொத்த விற்பனையில் கால் பங்கைத் தாண்டாதபடி மெல்ல வளர்க்கலாம். அடைபடாது என்றால், கடன்களைத் தீர்க்கும் வலு இருக்கும்போதே மூடிவிட்டு வேலைக்குச் செல்வது கௌரவமான முடிவு. ஏழாண்டுத் தேர்ச்சி உங்களோடுதான் வரும்.

அந்தத் தாளை எழுதியதும் முதலில் வீட்டாரிடம் காட்டுங்கள். அவர்களுடைய அச்சத்தில் பாதி, எண்கள் தெரியாததால் வருவதாக இருக்கலாம். பிறகு, விருப்பமிருந்தால், எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.