கடைக்காரர் ‘யுகே லீகல்’ என்று போட்டால் ஆயிற்றா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். பழைய பாணி மடக்குக் கத்திகள் சேர்ப்பதில் ஆர்வம். பிரெஞ்சு ஒப்பினல் நிறுவனத்தின் 8ஆம் எண் கத்தி (எண் அளவைக் குறிக்கும்) ஒன்றைப் போன வாரம் இணையத்தில் வாங்கினேன். ‘யுகே லீகல்’, அதாவது பிரிட்டனில் சட்டப்படி சரி, என்று போட்டிருந்தார்கள். மதியம் பழம் நறுக்க, பார்சல் பிரிக்க என்று தினமும் ஜாக்கெட் பையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வீட்டில் வைத்திருங்கள், வாசலைத் தாண்ட வேண்டாம். இந்தக் கத்தி ஒன்றல்ல, இரண்டு இடத்தில் மாட்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவுதான் இதற்கு. அலகோ கூர்முனையோ உள்ள எதையும் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். அதிகபட்சம் 4 ஆண்டு சிறை. காரணம் கேட்காமல் விடுவது ஒன்றைத்தான்: மடக்கும் பேனாக்கத்தி. அதிலும் வெட்டுவாய் (அலகில் கூராக வெட்டும் விளிம்பு) 3 அங்குலத்தை, அதாவது 7.62 செ.மீ.யை, தாண்டக் கூடாது. உங்கள் 8ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ.

சின்னதாக 6ஆம் எண் வாங்கினால்? அலகு 7 செ.மீ.தான், ஆனாலும் தப்பாது. பிடியின் கழுத்தில் ஓர் உலோக வளையம் சுழல்கிறதல்லவா, 1955இல் வந்த ‘விரோபிளாக்’, அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்ளும் கத்தி ‘மடக்கும் கத்தி’ ஆகாது என்று 1993இல் ஹாரிஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். 1998இல் டீகன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. “நான் வளையத்தைத் திருகவே இல்லையே” என்பது எடுபடாது. பூட்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி, போட்டீர்களா என்பதல்ல.

அந்தப் பிரிவை எத்தனை முறை படித்தாலும் ‘பூட்டு’ என்ற சொல் கண்ணில் படாது. விரலைக் காப்பாற்ற வைத்த பூட்டு குற்றமாகிறது, விரலில் மடிந்து விழக்கூடியது சட்டப்படி சரியாகிறது. முனையும் கூரும் இல்லாத வெண்ணெய்க் கத்திகூட ‘அலகுள்ள பொருள்’தான் என்று 2005இல் ஒரு தீர்ப்பு. 30 ஆண்டுக்கு மேல் ஆகியும் ஒரே ஒரு வரி சேர்த்து இதைத் தெளிவாக்க எந்த அரசுக்கும் கை வரவில்லை. சாதாரண ஆள் தீர்ப்புகளைத் தேடிப் படித்துவிட்டா கத்தி வாங்கப் போவான்?

அந்த இடைவெளியில்தான் விற்பனையாளர்கள் புகுந்து விளையாடுகிறார்கள். ‘யுகே லீகல்’ என்றால் 18 வயது ஆனவருக்கு அதை விற்பது சட்டப்படி சரி என்று மட்டுமே பொருள். பையில் வைத்துத் திரியலாம் என்று அதில் எங்கும் இல்லை. நீங்கள் அப்படிப் படித்துக்கொள்வீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் அலகின் நீளம் போட்டு, பூட்டு உண்டா இல்லையா என்று சொல்லாவிட்டால் பூட்டு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானையோ பிடியில் உள்ள வில்லையோ அழுத்தினால் தானாகத் திறக்கும் கத்தியை ‘சேகரிப்பாளர்களுக்கு மட்டும்’ என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். 2021 ஜூலை முதல் அதை வீட்டு அலமாரியில் வைத்திருப்பதே குற்றம்.

கத்திக்குப் பேர்போன ஆங்கில நகரமான ‘ஷெஃபீல்டு’ முத்திரை இன்னொரு கண்ணி. அலகில் ஊர்ப்பெயர் இருந்தால் போதாது, எங்கே செய்தது என்று எழுத்தில் கேளுங்கள். ‘நூறாண்டுப் பழசு’ என்று வருவதில் பிடியும் அலகும் நன்றாகத் தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்தது போல் கூராக இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

தினமும் கொண்டுபோக உங்களுக்கு வேண்டியது பூட்டில்லாத, முதுகு வில் (பிடியின் முதுகில் அலகை அழுத்திப் பிடிக்கும் எஃகுப் பட்டை) மட்டும் உள்ள கத்தி. ஊரில் வில்லுக்கத்தி என்போமே, அந்த வகை. ஒப்பினலே வேண்டுமென்றால் 5ஆம் எண்: 6 செ.மீ. அலகு, பூட்டு வளையம் கிடையாது. சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸில் 91 மி.மீ. பிடி உள்ளவை சரி. 111 மி.மீ.யில் பல பூட்டிக்கொள்ளும், அவை வேண்டாம்.

கையில் எடுத்ததும் அலகை முழுதாகத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முதுகு வில்லுக்கும் பிடியின் உட்புறப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே ஒளி தெரிந்தால் வேலை சுத்தமில்லை. மெதுவாக மடக்குங்கள். ‘டக்’ என்று வெட்டுவாய் வில்லில் இடித்தால், நீங்கள் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மழுங்கிக்கொண்டே இருக்கும். நீளத்தை அலகின் அடியிலிருந்து நுனிவரை அளந்து, அதுவே 7 செ.மீ.க்குள் வரும்படி வாங்குங்கள். சட்டம் சொல்வது வெட்டுவாயைத்தான். ஆனால் தெருவில் நிறுத்தும் காவலருக்கு வெட்டுவாய் எது, அலகு எது என்று பாடம் எடுக்க வேண்டிவரும். கரி எஃகு அலகில் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் கறுக்கும். கெட்டுப்போகவில்லை; உடனே துடைத்துவிட்டு, மாதம் ஒரு சொட்டு மினரல் ஆயில் கீலில் விட்டால் போதும். பூட்டில்லாததால் நுனியால் குத்தித் திருகாதீர்கள், மடிந்து விரலில் விழும்.

‘தக்க காரணம்’ பற்றியும் கேட்பீர்கள். பலர் இதைக் குடைபோல் நினைக்கிறார்கள். அந்த நேரத்துக்கு, அந்த இடத்துக்கு, அந்தக் கத்திக்கு உள்ள காரணம்தான் காரணம். தச்சர் வேலைக்குப் போகும் வழியில் வைத்திருக்கலாம். அதே கத்தி ஞாயிறு இரவு உணவகத்தில் அவர் பையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சனிக்கிழமை காளான் பறிக்கப் போனீர்கள், சரி. புதன்கிழமை அது தெருவில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் கிடந்தால் சனிக்கிழமைக் காரணம் செல்லாது. “மறந்துவிட்டேன்” என்பது தனியாக நிற்காது. காரணத்தை நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில். “என்றாவது பழம் வெட்டலாமே” என்பதை நம்பி 8ஆம் எண்ணை எடுத்துப்போகாதீர்கள்.

“பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்” என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். பூட்டில்லாத இரண்டு அங்குலக் கத்திகூட அந்த ஒரு வாக்கியத்தால் 1953ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி ஆயுதமாகிவிடும்.

வாங்கிய 8ஆம் எண்ணை இணையக் கொள்முதல் விதிப்படி, கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாமென்று விற்பனையாளருக்கு எழுதித் திருப்பலாம். போன வாரம்தானே வாங்கினீர்கள், இன்றே எழுதுங்கள். பிடித்துப்போயிற்றென்றால் சமையலறை இழுப்பறையில் கிடக்கட்டும். தக்காளி நறுக்க அதைவிட நல்ல கத்தி அந்த விலைக்குக் கிடைக்காது.