'ரிஸ்ட்ரிக்‌ஷன்' எடுத்த மொபெட் இறக்கத்தில் ஏன் பிடித்துக்கொள்கிறது?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் வைத்திருக்கிறேன். கேரட், பீட்ரூட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருவேன். வேகம் போதவில்லை என்றதும் கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'ரிஸ்ட்ரிக்‌ஷனை எடுத்துவிடுகிறேன்' என்று சைலன்சரின் உள்குழாயை வெட்டினார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட் துளையைப் பெரிதாக்கினார்கள். செயின் ஓடும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டையும் மாற்றினார்கள். சமவெளியில் நன்றாக ஓடியது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, பிளக் கரி பிடித்தது. மேலே இன்னொருவர் சின்ன ஜெட் போட்டார், பிளக் சரியானது. ஆனால் போன வாரம் இறங்கும்போது குஞ்சப்பனை அருகே எஞ்சின் சுற்றாமல் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் ஆறியபின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இனி ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். ஆறினதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரின் புகைவழியில் டார்ச் அடித்து, கிக்கரை மெதுவாக அழுத்தி பிஸ்டனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் நெடுக்காகக் கோடுகள் தெரிந்தாலோ, ரிங் அலுமினியத்தோடு ஒட்டிப்போய் அசையாமல் இருந்தாலோ சிலிண்டரைக் கழற்றியே ஆக வேண்டும். லேசான தேய்ப்பு என்றால் நைஸ் எமரித்தாளில் பிஸ்டனைத் துடைத்து, புது ரிங் போட்டுச் சமாளிக்கலாம். சிலிண்டர் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் சிலிண்டரைக் கடைந்து போர் போடுவது தவிர வேறு வழியில்லை.

இப்போது உங்களிடம் விற்ற 'ரிஸ்ட்ரிக்‌ஷன்' பற்றி. ஐரோப்பாவில் 50 சிசி மொபெட்டுக்குச் சட்டப்படி மணிக்கு 45 கிலோமீட்டர்தான் உச்சவேகம். அதற்காகக் கம்பெனியே புகைக்குழாயில் வாஷர், இன்டேக்கில் அடைப்பு என்று வைத்து அனுப்பும், அங்குள்ளவர்கள் எடுத்துவிடுவார்கள். அப்படி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே தொழில் நடக்கிறது. உங்கள் 70 சிசி வண்டியில் எடுப்பதற்கு அப்படி எதுவும் கிடையாது. சைலன்சர் உள்குழாய் அடைப்பு அல்ல. டூ ஸ்ட்ரோக்கில் புகையின் அழுத்த அலை திரும்பி வந்துதான், எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை வெட்டினால் சத்தம் கூடும், மேல் ரேஸில் கொஞ்சம் பறக்கும், கீழ் ரேஸில் இழுவை செத்துவிடும். மூட்டையோடு ஏற்றம் ஏறுபவருக்கு வேண்டியது அந்தக் கீழ் ரேஸ் இழுவைதான்.

ஸ்பிராக்கெட்டும் அதே கதை. முன்னால் ஒரு பல் கூட்டினாலே இழுவையில் ஏறக்குறைய ஏழெட்டு சதவீதம் போகும். கியர் இல்லாத வண்டி, குறைத்துக்கொள்ள இரண்டாவது கியர் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்ததும் கிளட்ச் ஷூ முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும். சூடேறிய வாடை வந்தால் அது கிளட்ச் தேய்கிற வாடை.

உண்மையில் 'வேகம் போதவில்லை' என்று வரும் பழைய எக்ஸ்எல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை கரி எடுப்பது மட்டும்தான். சைலன்சரைக் கழற்றுங்கள். பிஸ்டன் புகைவழியை மூடி நிற்கும்படி வைத்து, மழுங்கிய மூங்கில் குச்சியால் கரியைச் சுரண்டி, துகளை ஊதி எடுங்கள். இரும்பு ஸ்குரூடிரைவர் வேண்டாம், பிஸ்டன் ஓரம் கீறிவிடும். இதில் ஒர்க்‌ஷாப்காரருக்குப் பெரிய லாபம் இல்லை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

இறக்கத்தில் ஏன் பிடித்தது என்பதற்கு வருகிறேன். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 300. கீழே இருப்பதைவிட மேலே காற்று ஏழில் ஒரு பங்கு லேசு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. அதனால் கீழே சரியாக இருக்கும் ஜெட் மேலே கொஞ்சம் ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் கூடுதல். துளையைப் பெரிதாக்கிய ஜெட் என்றால் கேட்கவே வேண்டாம், பிளக் கறுக்கும். மேலே உள்ளவர் ஜெட்டைச் சின்னதாக்கியது கோத்தகிரிக்குச் சரி. ஆனால் அதே ஜெட்டோடு நீங்கள் 33 கிலோமீட்டர் கீழே இறங்குகிறீர்கள். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று அடர்த்தியாகிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது, எஞ்சின் சூடாகிறது. கூடவே இறக்கம் என்று ஆக்சிலேட்டரை மூடிவைக்கிறீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்க, எண்ணெய் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது. குஞ்சப்பனையில் பிடித்ததில் ஆச்சரியம் எதுவுமில்லை.

சின்ன ஜெட் யாருக்குச் சரி என்றால், மேலேயே இருப்பவர்களுக்கு. கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் என்று மலைக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு ஒரு எண் சின்ன ஜெட் போடலாம், தப்பில்லை. ஆனால் மேலேயே என்றால் மேலேயேதான். வருஷத்தில் ஒரு நாள் மச்சான் கல்யாணத்துக்குக் கீழே போனாலும் பழைய ஜெட்டை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வண்டியைத் தம்பிக்கு இரவல் கொடுத்தால் அவனிடமும் சொல்ல வேண்டும். விற்றால் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். இத்தனையும் நடக்காது என்று தெரிந்தால் கம்பெனி ஜெட்டையே வைத்துக்கொண்டு மேலே கொஞ்சம் கறுப்பு பிளக்கோடு ஓட்டுங்கள். கறுத்த பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம். மண்டிக்குப் போய்வருகிற உங்களுக்கும் அதுதான் வழி.

ஆகவே சைலன்சர் புதுசு, முன் ஸ்பிராக்கெட் கம்பெனி அளவில், ஏர் ஃபில்டர் கழற்றியிருந்தால் திரும்ப. மெயின் ஜெட் புதுசாக, எண் பொறித்ததாக வாங்குங்கள்; துளைத்த ஜெட்டில் ஈயம் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவைத் திருகி இழுவைப் பிரச்சினையைத் தீர்ப்பதாகச் சொல்பவரையும் நம்பாதீர்கள், அது ஐடிலுக்கு மட்டும்தான். எல்லாம் மாட்டியபின் ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ரேஸ் மாறினால் அங்கே காற்று கசிகிறது, கேஸ்கெட்டை மாற்றுங்கள். அந்தக் கசிவு இருந்தால் எந்த ஜெட் போட்டாலும் லீன்தான், அதாவது பெட்ரோல் குறைவான கலவைதான்.

பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லி. 'மலைக்குக் கொஞ்சம் கூட ஊற்று' என்று பங்கில் சொல்வார்கள், ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலே பழைய கார்புரேட்டரில் கலவையைச் சற்று லீன் ஆக்குகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மூடுபனி ஊரில் வாரக்கணக்கில் டேங்கில் போட்டுவைக்கவும் வேண்டாம். இறக்கத்தில் அவ்வப்போது, வளைவு இல்லாத இடத்தில், ஆக்சிலேட்டரை லேசாகத் திருகி விடுங்கள், எண்ணெய் போகட்டும்.

பிளக் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. மூட்டையோடு ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் வந்து, அப்படியே சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் நல்லது. வெள்ளை என்றால் நிறுத்திவிடுங்கள். ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிளக் எதையும் சொல்லாது.

இன்னொன்று. வெட்டிய சைலன்சர் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் அனுமதியில்லாத மாற்றம். ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போனால் அந்தச் சைலன்சரோடு தேறாது. ஆர்டிஓ அலுவலகத்துக்கு வெளியே நிற்கும் ஆள், 'மாற்றத்தை ஆர்சியில் ஏற்றித் தருகிறேன்' என்று பணம் கேட்பார். ஏற்றுவதற்கு அப்படி ஒரு பதிவே கிடையாது. புகைச் சான்று ஐடிலில் குழாயை விட்டு எடுப்பது, மூட்டையோடு ஏற்றத்தில் வண்டி என்ன கக்குகிறது என்று அதற்குத் தெரியாது; ஆனாலும் தாளை வைத்திருக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. எக்ஸ்எல் 100 வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஃபோர் ஸ்ட்ரோக்.

போர் போட நேர்ந்தால் 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸில், அதாவது அவ்வளவு பெரிய பிஸ்டனில், தொடங்கச் சொல்லுங்கள், நேரே 0.50க்குப் போக வேண்டாம். அடுத்த முறைக்கு இடம் வேண்டும். முதலில் பிஸ்டன் கையில் வந்தபின்தான், அதை அளந்து, சிலிண்டரைக் கடைய வேண்டும். டூ ஸ்ட்ரோக் உதிரிபாகம் இப்போது அரிதாகிவிட்டதால் டூப்ளிகேட் கிட் நிறைய ஓடுகிறது. பிஸ்டனில் அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்வது நடக்கிறது. பிறகு முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி மூட்டை மட்டும். ஏற்றத்தில் சூடேறும் வாடை வந்தால் நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள்.