முதுகில் மாட்டும் லேசர் ஸ்கானரை நம்பி நாற்சார் வீட்டை அளக்கலாமா?

நம்பலாம். ஆனால் கருவியை முதுகில் மாட்டி நடப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீடும் பங்கு பிரிக்கவோ இடிக்கவோ நிற்கிற வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைப் பக்கம் என் பெரியம்மாவின் நாற்சார் வீடு, நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடு. 1995 போர்க்கால இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரத்தோடு வீட்டின் வரைபடமும் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன் வெளியூரிலிருந்து ஒரு குழு முதுகுப்பைக் கருவியோடு வந்தது. நில அளவையாளர் ஒருவரிடம் நான் வேலை பழகியிருந்ததால் சுமக்கும் வேலை எனக்கு வந்தது. மேலே சுழன்றுகொண்டிருந்தது வெலோடைன் விஎல்பி-16. 16 லேசர்களால் சுற்றியிருப்பதை நொடிக்கு 3 லட்சம் புள்ளிகளாக அளக்கும் ஸ்கானர் அது. வீட்டுக்குள் ஜிபிஎஸ் எடுபடாது. நாம் எவ்வளவு நகர்ந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை, அசைவை உணரும் சென்சாரையும் சுற்றியிருக்கும் சுவர், தூண்களையும் வைத்துக் கருவியே கணிக்க வேண்டும். ஸ்லாம் என்று சொல்வது இதைத்தான்.

விறாந்தையில் தொடங்கி, முற்றத்தால் குசினிப் பக்கம் போய், ஒடுங்கிய நடைவழியே திரும்பவும் குசினிக்கு வந்து, கிணற்றடியில் நிறுத்தினோம். அந்தப் புள்ளிகளால் கருவி உருவாக்கிய படத்தைத் திறந்தால் குசினியின் ஒரே சுவர் ஒரு சாண் விலகி இரண்டாக நிற்கிறது. "பழைய வீடுதானே, சுவர் கோணல்" என்றார் குழுவில் ஒருவர். பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பு நூல் பிடிச்சுக் கட்டின வீடு தம்பி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் நாடாவை எடுத்து முற்றத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். வித்தியாசம் ஒரு விரற்கடைகூட இல்லை.

பிழை அந்த ஒடுங்கிய நடைவழியில் இருந்தது. இரண்டு பக்கமும் வெறும் சுண்ணாம்புச் சுவர், மேலே ஒரே இடைவெளியில் கைமரங்கள். பத்தடி நடந்தாலும் கருவிக்குக் காட்சி மாறுவதில்லை. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அங்கேதான் தவறவிட்டது. தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராததால் அதைத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

அடுத்த நாள் நடைவழியில் இரண்டு கதிரைகளையும் உரலையும் ஒழுங்கில்லாமல் வைத்தோம். நிறைகுடம் சுமப்பது போல நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு அறையும் ஒன்றாகத் தெரியும்படி கொஞ்சம் நின்று, மெதுவாகத் திரும்பி, கடைசியில் புறப்பட்ட விறாந்தைத் தூணடிக்கே வந்தேன். சுவர் ஒன்றாகிவிட்டது. அலுமாரிக் கண்ணாடியையும் பெரியம்மாவின் சேலையால் மூடினோம். முதல் நாள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், இல்லாத அறை ஒன்று படத்தில் வந்திருந்தது.

முக்காலியில் வைக்கும் ஸ்கானர் மில்லிமீற்றர் கணக்கில் அளக்குமே என்று சிலர் வருவார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. விஎல்பி-16க்குத் தயாரிப்பாளர் சொல்வதே 3 சென்ரிமீற்றர் வரை கூடலாம், குறையலாம் என்றுதான். மரவேலைச் செதுக்கல்களைப் பதிய இது போதாது. ஆனால் அறைகளும் படிகளும் மூலைகளுமாக இருக்கும் வீட்டை முக்காலியால் எடுக்க அதை எத்தனை இடத்தில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 2020இல் வந்த ஐபோன் 12 ப்ரோவிலிருந்து சில போன்களிலும் லைடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் சென்சார், இருக்கிறது. அது 5 மீற்றர் அளவுக்குத்தான் எட்டும். ஒரு அறைக்குச் சரி, முழு வீட்டுக்கு நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று. அளக்கும்வரைக்கும் கதவு, யன்னல், தூண் எதையும் விற்காதீர்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடுகளின் கதவுநிலைகளைப் பெயர்த்து லொறியில் ஏற்றிப் போனார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனிலேயே விலை பேசி முடித்துவிட்டார்கள். ஊரில் இருந்த தாய்க்கு லொறி வந்த பிறகுதான் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியாக, ஸ்கானர் அளந்த புள்ளிகள் எல்லாம் இருக்கும் கோப்பு, எல்ஏஎஸ் அல்லது ஈ57 என்ற கோப்பு வடிவில், உங்கள் கைக்கு வரும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை. பலமுறை கேட்டும் பதில் வரவில்லை. பெரியம்மாவிடம் இருப்பது, அவர்கள் போகும்போது கொடுத்த ஒரு ஏ4 நிறப்படம் மட்டும்.