போட்டி நிகழ்ச்சிகளையே கேலி செய்யும் வானொலி நிகழ்ச்சி ஏதாவது கேட்டிருக்கிறீர்களா? அதில் அப்படி என்ன சிரிப்பு?

கேட்டிருக்கிறேன், இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பிபிசி ரேடியோ 4-இல் 1972 ஏப்ரலில் தொடங்கிய ‘ஐம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ’. நான்கு பேர், இரண்டு அணி, ஒரு நடுவர், ஓரத்தில் பியானோ. கேட்கிற முதல் இரண்டு நிமிஷம் அசல் வினாடி வினா போலவே இருக்கும். அப்புறம்தான் தெரியவரும், அங்கே மதிப்பெண்ணை யாரும் எழுதுவதே இல்லை என்று. மதிப்பெண் குறிப்பதற்காக நடுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லப்படும் சமந்தா என்ற பெண்ணும் கிடையாது. ‘பேனல் கேம்களுக்கு விஷமுறிவு’ என்றுதான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள்.

இதற்கு யோசனை சொன்னவர் கிரேம் கார்டன். அதற்கு முன் அவரும் நண்பர்களும் ‘ஐம் சாரி, ஐல் ரீட் தட் அகெய்ன்’ என்று ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். வாராவாரம் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய வேலை. எழுதாமலே ஒப்பேற்ற ஒரு வழி தேடியதில் பிறந்ததுதான் இது. சோம்பலுக்கு இவ்வளவு நல்ல பலன் கிடைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்ன சிரிப்பு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ‘மார்னிங்டன் கிரசென்ட்’ ஆட்டத்தை. அது லண்டன் நகரில், கேம்டன் பக்கம் இருக்கும் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் பெயர். ஆட்டக்காரர்கள் முறை வைத்து லண்டன் ரயில் நிலையங்கள், தெருக்கள் பெயராகச் சொல்லிக்கொண்டே போவார்கள். ‘மார்னிங்டன் கிரசென்ட்’ என்று முதலில் சொல்பவர் ஜெயித்தார். சரி, எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாமே? சொல்லலாம், தடுக்க எந்த விதியும் இல்லை. ஆனால் சொல்ல மாட்டார்கள். ஒருவர் ஒரு தெருப் பெயரைச் சொல்வார். எதிராளி நெடுமூச்சு விடுவார். இன்னொருவர் ‘அந்த இடத்திலிருந்து குறுக்கே போகக் கூடாதே’ என்று ஆட்சேபிப்பார். நடுவர் யோசித்து அனுமதிப்பார். கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்தால் தலையாட்டுவது போல, அரங்கத்தில் இருப்பவர்கள் ஒரு ‘நல்ல நகர்த்தலுக்கு’ கைதட்டுவார்கள்! விதிகள் வேண்டுமென்றால் ஸ்டோவோல்டு என்பவர் எழுதிய புத்தகத்தைப் பாருங்கள் என்பார் நடுவர். அப்படி ஒரு புத்தகமும் இல்லை.

இதில் யாராவது ஒருவர் நடுவே களுக்கென்று சிரித்து ‘சும்மா விளையாட்டுதான்’ என்று காட்டிக்கொடுத்தால் மொத்தமும் சரிந்துவிடும். சாதாரண நகைச்சுவை நிகழ்ச்சியில், இப்போது சிரிக்க வேண்டும் என்று நமக்குச் சைகை கிடைக்கும். இங்கே அந்தச் சைகையை மட்டும் தர மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்கு விதி தனக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றும். பழைய நேயர்களோ அந்தப் பொய்யைச் சேர்ந்து காப்பாற்றுவார்கள்.

பொய் வெளியுலகத்துக்கும் நீண்டது. 1992-இல் மின்தூக்கி வேலைக்காக அந்த நிலையத்தை மூடினார்கள். பல வருடம் பூட்டியே கிடந்தது. 1998-இல் மறுபடி திறந்தபோது திறந்துவைக்க இந்த நிகழ்ச்சிக்காரர்களைத்தான் அழைத்தார்கள். இடையில் 1996-இல் இறந்துபோன குழு உறுப்பினர் வில்லி ரஷ்டனுக்கு அங்கே ஒரு நினைவுப் பலகையும் இருக்கிறது.

அடுத்தது நடுவர் ஹம்ஃப்ரி லிட்டல்டன். தொழில்முறை நகைச்சுவைக்காரர் இல்லை, பெயர்பெற்ற ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர். 1956-இல் அவருடைய ‘பேட் பென்னி ப்ளூஸ்’ பிரிட்டன் இசைப் பட்டியலிலேயே ஏறியது. 1972-இலிருந்து 2008-இல் இறக்கும் வரை நடுவர் நாற்காலி அவருடையது. ‘இந்த வேலைக்கு ஏன் வந்து மாட்டிக்கொண்டேன்’ என்ற குரலிலேயே பேசுவார். சமந்தா பற்றிய இரட்டை அர்த்த வரிகளை, அர்த்தமே தெரியாத தாத்தா செய்தித்தாள் வாசிப்பது போல வாசிப்பார். சபை ஏன் சிரிக்கிறது என்று புரியாதவர் போல நிறுத்தி, காத்திருப்பார். அந்த வரிகளில் பல இன்றைக்குப் பழைய வாடை அடிக்கின்றன, மறுக்கவில்லை. அவர் வாயால் கேட்கும்போது மட்டும் சிரித்துவிடுகிறேன்.

ஒரு பாட்டின் வரிகளை இன்னொரு பாட்டின் மெட்டில் பாடும் ஆட்டம் ஒன்று உண்டு. ‘ஒரு பாட்டு இன்னொரு பாட்டின் மெட்டில்’ என்றே அதற்குப் பெயர், பெயரைக் கேட்டாலே புரிந்துவிடும் விஷயம். அதை ஒவ்வொரு முறையும் ஏதேதோ உவமை சொல்லி நீட்டி முழக்கி விளக்குவார். கடைசியில் அந்த விளக்கம் பியானோ வாசிக்கும் காலின் செல்லை மட்டம்தட்டுவதில் போய் முடியும். பாட்டைவிட அந்த விளக்கத்துக்குத்தான் நான் காத்திருப்பேன்.

வானொலி என்பதையும் நன்றாகப் பயன்படுத்துவார்கள். விடையை அரங்கத்தில் இருப்பவர்களுக்கு ‘அதிநவீன லேசர் பலகை’ காட்டுவதாக நடுவர் அறிவிப்பார். நிஜத்தில் ஒருவர் அட்டையைத் தூக்கிப் பிடிப்பார், அவ்வளவுதான். வீட்டில் கேட்பவருக்கு அட்டை தெரியாது, அரங்கத்துச் சிரிப்பு மட்டும் கேட்கும். தொலைக்காட்சியில் இதைக் காட்டினால் பாதி செத்துவிடும் என்பது என் எண்ணம்.

லிட்டல்டனுக்குப் பிறகு நிகழ்ச்சி நிற்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2009-இல் ஸ்டீபன் ஃப்ரை, ராப் பிரைடன், ஜாக் டீ ஆகியோரை மாற்றி மாற்றி உட்காரவைத்தார்கள். ஜாக் டீ நிலைத்துவிட்டார். அவருடைய சிடுசிடுப்பு வேறு ரகம், ஆனால் பொருந்துகிறது. பழைய ஆட்டக்காரர்களில் டிம் புரூக்-டெய்லர் 2020-இல் கொரோனாவில் போனார், பேரி கிரையர் 2022-இல். என் காதில் இன்னும் அந்தப் பழைய குரல்கள்தான் ஓடுகின்றன.

கேட்டுப் பார்க்க நினைத்தால் லிட்டல்டன் காலத்துப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலச் சொற்சிலேடை ஆட்டங்கள் நம் காதுக்கு வேகமாக ஓடிவிடும், முதலில் அவற்றைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. ஓடும் இசைத்தட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே இருக்கையில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, இன்னும் தாளத்தில்தான் இருக்கிறாரா என்று பார்க்கும் ஆட்டம் இருக்கிறதே, அதற்கு மொழியே தேவையில்லை.